புதிதாகச் சேர்ந்தவளின் வணக்கம்

வணக்கம். நேற்றிரவு குழுவில் சேர்ந்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம்தான் ஊர். பகலில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன், இரவில் நாவல் எழுதுகிறேன். இன்னும் ஒரு புத்தகமும் வரவில்லை. அதனால் ‘எழுத்தாளர்’ என்று அழைக்க வேண்டாம், கூச்சமாக இருக்கிறது.

கதை ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், தொடங்குகிறது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அக்காள் தலைமன்னாரில் கப்பலேறுகிறாள். தங்கை கொழுந்துக் கூடையோடு இங்கேயே நின்றுவிடுகிறாள். மீதி முழுவதும் இருவருடைய கடிதங்கள்.

மலையகப் பெண் என்றாலே அட்டைக்கடியும் கண்ணீரும் என்று எழுதுவது எனக்குச் சலித்துவிட்டது. என் பெண்கள் சீட்டுப் பிடிப்பார்கள், கணக்கப்பிள்ளையோடு வாதாடுவார்கள், ரொட்டி தட்டிக்கொண்டே ஊரைக் கேலி செய்வார்கள்.

முதல் அத்தியாயத்தை ஞாயிறு இரவு குரல்பதிவாக அனுப்புகிறேன். (மழை பெய்தால் சிக்னல் போய்விடும், திங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டு அம்மாயி, அப்பாயிக்கு அக்கரையிலிருந்து வந்த பழைய கடிதம் ஏதாவது இருந்தால், அதன் முதல் வரியை மட்டும் எழுதி அனுப்புங்கள்.