படகில் இரண்டு பேருக்குத்தான் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகும் குடும்பங்களுக்கு உங்கள் சுற்றுலாப் பக்கம் சொன்ன யோசனைகளில், பூச்சி போலச் செய்த செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கும் ஒன்று. நல்ல யோசனைதான். ஆனால் ‘வழிகாட்டியை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பணமும் நாளும் வீணாவது அந்த இடத்தில்தான்.

முதலில் ஆள் கணக்கு. பூங்காவை ஒட்டிய மொன்டானா மாநிலத்தின் ஆறுகளில், நீரோட்டத்தோடு போகும் டிரிஃப்ட் படகில், துடுப்புப் போடும் வழிகாட்டி போக, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இரண்டு பேர்தான் தூண்டில் வீசலாம். கட்டணமும் பொதுவாகத் தலைக்கு அல்ல, படகுக்கு. நான்கு பேர் என்றால் இரண்டு படகு, இரட்டைச் செலவு. குடும்பமும் நாள் முழுக்கப் பிரிந்தே இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆற்றோரம் நின்று பிடிக்கும் அரைநாள் ‘வேட்’ பயணத்தைக் கேளுங்கள். பிள்ளைக்குச் சலித்தால் கரையேறிக் கூழாங்கல் பொறுக்கலாம். படகில் ஏறிவிட்டால் இறங்குதுறை வரும்வரை வேறு வழியில்லை. முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிக்கு மட்டும் இது தலைகீழ்: பாசி வழுக்கும் கற்களில் நிற்பதைவிடப் படகு இருக்கைதான் மேல்.

அடுத்து, மீன் பிடிக்கப்போவது பூங்காவுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். மேடிசன் ஆறு உள்ளே பிறந்து வெளியே ஓடுகிறது. உள்ளே மொன்டானாவின் மீன்பிடி உரிமம் செல்லாது; வெளியே பூங்காவின் மீன்பிடி அனுமதிச்சீட்டு செல்லாது. இரண்டுமே வழிகாட்டிக் கட்டணத்தில் சேராதவை. பூங்காவுக்குள் அடிப்பகுதியில் கம்பளி ஒட்டிய பூட்ஸுக்கும் தடை உண்டு. அந்தக் கம்பளியில் ஒட்டும் சேற்றோடு நோய்க்கிருமிகள் ஆறு விட்டு ஆறு பரவுகின்றன. பூட்ஸ், வேடர்ஸ் (நீர் புகாத கால்சட்டை) இரண்டும் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். பெரியவர்கள் அளவைச் சின்னக் காலில் மாட்டினால் நடக்கவே முடியாது.

தேதிதான் பலரும் தவறும் இடம். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பனி உருகிப் பெரும்பாலான ஆறுகள் கலங்கி, பெருகி ஓடும். பூங்காவுக்குள் வெந்நீர் ஊற்றுகள் கலக்கும் ஃபயர்ஹோல் ஆறு விதிவிலக்கு: ஜூனில் அருமையாக இருக்கும், ஜூலையில் சூடேறி, குளிர்நீர் மீனான டிரவுட்டுக்கு ஆகாமல் போய்விடும். ஆகஸ்ட் வெயிலில் மொன்டானா அரசு சில ஆறுகளில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. தூண்டிலில் போராடிக் களைத்த மீன் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். ஆகவே காலைப் பயணம்தான். முன்பணம் கட்டுவதற்குள், ஆறு மூடப்பட்டால் அந்தப் பணம் திரும்புமா, வேறு ஆற்றுக்கு மாற்றுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வீசும் கலை பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும், அவசரப்படாவிட்டால். செயற்கை ஈக்கு எடை அநேகமாகக் கிடையாது. லைன் எனும் கனமான தூண்டில் கயிறுதான் அதை இழுத்துப் போகிறது. கோலைப் பின்னால் வீசி நிறுத்தி, லைன் முதுகுக்குப் பின் முழுதாக நீளும்வரை காத்திருந்து, பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். காத்திருக்காவிட்டால் சவுக்குச் சத்தம் கேட்கும். ஈ அறுந்து போகும், இல்லை நூல் சிக்கும். முதல் அரைமணி நேரம் புல்வெளியில் பயிற்சி தருவீர்களா என்று கேளுங்கள். முள் காதோரம் பறக்கிற விளையாட்டு இது: எல்லோருக்கும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். முள் கழன்றுவிடாதபடி அதன் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்குவது பூங்காவுக்குள் சட்டமே. விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழன்றுவிடும்.

பிடித்த மீனைச் சமைக்கலாம் என்று எண்ணி யாரும் போக வேண்டாம். பூங்காவின் சொந்த மீனான கட்த்ரோட் டிரவுட்டைத் திரும்ப விட்டாக வேண்டும். கையை நனைத்த பிறகே அதைத் தொட வேண்டும்; காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். படம் எடுப்பதும் மீன் வலையோடு தண்ணீரில் இருக்கும்போதே முடியட்டும்.

முழுநாள் பயணத்தில் மதிய உணவு உண்டு, பெரும்பாலும் இறைச்சி சாண்ட்விச்தான். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கடல்மட்டத்துக்கு 6,600 அடிக்கு மேலான உயரத்தில் ஜூலையிலும் விடிகாலை குளிரும். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. வழிகாட்டிக்கு 15 முதல் 20 சதவீதம் டிப் தருவது வழக்கம். விலைப்பட்டியலில் அது இருக்காது, செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகர், போஸ்மன், மொன்டானா