எதை முதலில் வாங்குவது

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

இறையியல் நூல்கள் சேர்க்கப் போகிறேன், வேதாகம விளக்கவுரை வரிசை ஒன்றை மொத்தமாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. பெரும்பாலான வரிசைகளில் ரோமர் நிருபத்துக்கு உரை எழுதியவர் ஒருவர், எஸ்தர் புத்தகத்துக்கு உரை எழுதியவர் வேறொருவர். ஒன்று ஆழமாக இருக்கும், அடுத்தது மேலோட்டமாகப் போய்விடும். போதகர் மத்தேயு ஹென்றியின் விளக்கவுரையில்கூட அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் அவர் எழுதியது. 1714-இல் அவர் மறைந்தபின் மீதியை வேறு போதகர்கள் முடித்தார்கள். ஆகவே வேதாகமப் புத்தகங்களில் எந்த ஆகமத்தை இப்போது நீ தியானிக்கிறாயோ அதற்கு மட்டும் மூன்று வாங்கு: எபிரெய, கிரேக்க மூலமொழியை வரிவரியாக அலசுவது ஒன்று, பிரசங்கிக்க உதவுவது ஒன்று, பழைய காலத்தவர் எழுதியது ஒன்று. அவற்றை வாசித்து முடித்தபின் அடுத்த ஆகமம்.

அதற்கும் முன்னால் இருக்கவேண்டியவை: சொல்லுக்குச் சொல் பெயர்த்த வேதாகமம் ஒன்று, எளிய நடையில் ஒன்று, வேதாகம அகராதி, ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி, ஒரு தொகுதியில் அடங்கும் திருச்சபை வரலாறு. வேதாகம அகராதி வாங்கும்போது பதிப்பாண்டைப் பார். வேதாகமப் பழம்பிரதிகள் அடங்கிய சவக்கடல் சுருள்கள் 1947-இல்தான் கிடைக்கத் தொடங்கின. அதற்கு முந்தைய அகராதியில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இராது.

ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதி 1890-இல் வந்தது. எபிரெயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் கொடுத்திருக்கிறார். பலர் தவறுவது இங்கேதான். எண்ணுக்கு எதிரே உள்ள குறிப்பில், கிங் ஜேம்ஸ் என்னும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் எப்படியெல்லாம் பெயர்க்கப்பட்டது என்ற பட்டியலும் சேர்ந்திருக்கும். அதிலிருந்து மனதுக்குப் பிடித்ததை எடுத்துக் கையில் உள்ள வசனத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தமிழிலேயே பாரேன்: நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். ‘நூல் வாசித்தான்’ என்ற இடத்தில் இழைக்கு என்ன வேலை? அந்தச் சொல் வேறெங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் எண். அந்த வசனங்களைச் சூழலோடு வாசி. பொருள் அங்கே தெளியும்.

உபதேச நூல்களில் நம் சபைப் பிரிவாரோடு நின்றுவிடாதே. நமக்கு மாறாக நினைப்பவர் சொல்வதை அவர் எழுத்திலேயே வாசிப்பதுதான் நேர்மை. ஆதித் திருச்சபையின் போதகர்களான ஆதிப் பிதாக்களில், வார்த்தையானவராகிய கிறிஸ்து மாம்சமானதைப் பற்றி அத்தனாசியு எழுதிய சிறுநூலில் தொடங்கு. அகுஸ்தீனின் ‘கடவுளின் நகரம்’ 22 புத்தகங்களாகப் பிரிந்த பெருநூல், அது பிறகு. திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வினின் உபதேச நூலான ‘இன்ஸ்டிடியூட்ஸ்’ வாங்கும்போது எந்தப் பதிப்பின் மொழிபெயர்ப்பு என்று கேள். 1536-ஆம் ஆண்டு முதற்பதிப்பில் 6 அதிகாரங்களே. 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில் 80.

காசு கொடுக்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி வசன அட்டவணை இருக்கிறதா பார். அது இல்லாத பெரிய நூலில் ஒரு வசனத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. அடிக்கடி எடுக்கும் நூல் தைத்த கட்டாக இருக்கட்டும். பசையால் மட்டும் ஒட்டியது சில வருடங்களில் தாள் தாளாகக் கழன்றுவிடும்.

விளக்கவுரைகளை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்காதே. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை வேதாகம வரிசையிலேயே அடுக்கினால் எந்த ஆகமத்துக்கு ஒன்றுமே இல்லை என்பது பார்த்ததும் தெரியும்.

இப்போது எதைத் தியானிக்கிறாய் என்று எழுது. அதற்கான மூன்றையும் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்,
அப்பா