கூப்பிட்டதும் கிளம்பிவிடாதே

பட்டர்வொர்த்

அன்பு மகள் கயலுக்கு,

மகளிர் பேரணி முடிந்த பிறகு உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் சிலரைப் போலீஸ் வாக்குமூலத்துக்கு அழைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அடுத்தது உன் முறையாகவும் இருக்கலாம். 'போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்து சேர்' என்று நான் எழுதுவேன் என நினைத்திருப்பாய். எழுதினால் மட்டும் நீ கேட்டுவிடவா போகிறாய்? ஆக வேண்டிய காரியத்தைப் பார்ப்போம்.

இப்போதெல்லாம் காரணமில்லாத காவல் கதவை உடைத்துக்கொண்டு வருவது குறைவு. 'சும்மா வந்து ஒரு பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போங்க' என்று கைபேசியில் வருகிறது. போய் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் போய்விடும். கைபேசி மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும். கைது என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். அந்த நான்கு மணி நேரத்தை எந்தக் காகிதத்திலும் பதிய மாட்டார்கள் என்பதுதான் அதில் உள்ள சூது.

அதனால் கூப்பிட்டதும் கிளம்பிவிடாதே. சாட்சியாக விசாரிக்க அழைக்கிறார்கள் என்றால், மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆவது பிரிவுப்படி அழைப்பு எழுத்தில் வர வேண்டும். விசாரணை அதிகாரியின் பெயர், நிலையம், போலீஸ் புகார் எண், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு ஆகியவற்றைக் கேட்டு வாங்கு. மரியாதையாகவே கேள், 'துவான்' (ஐயா) போட்டுக் கேள், ஆனால் கேள். கடிதம் வந்துவிட்டால் போகாமல் இருக்காதே. அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பிடியாணை வாங்க அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வழக்கறிஞரோடு, காலை நேரத்தில் போ. வெள்ளிக்கிழமை மாலைக்கு ஒத்துக்கொள்ளாதே. வார இறுதியில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உள்ளே போனதும் முதல் கேள்வி நீ கேட்பதாக இருக்கட்டும்: 'நான் கைதாகியிருக்கிறேனா, இல்லையா?' இல்லை என்றால் வேலை முடிந்ததும் எழுந்து வரலாம். ஆமாம் என்றால் எதற்காக என்று கேட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மனதில் வை. உன்னை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த அரசியல் சாசனத்தின் 5ஆவது பிரிவு தரும் 24 மணி நேரக் கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். பயண நேரம் அதில் சேராது.

கைது என்று ஆகிவிட்டால், கேள்வி கேட்கத் தொடங்கும் முன்பே உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் நீ தகவல் சொல்லலாம் என்று அவர்களே உனக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அது. தொடர்புகொள்ளும் வசதியை இலவசமாகச் செய்து தர வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க நியாயமான நேரம் தந்து விசாரணையைத் தள்ளியும் வைக்க வேண்டும். கூட்டாளி தப்பிவிடுவார், சாட்சியம் அழிந்துவிடும் என்று சொல்லி இதை மறுக்கலாம். ஆனால் அதற்கு டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி அனுமதிக்க வேண்டும், காரணத்தையும் பதிய வேண்டும். முன்வாசலில் நிற்கும் கார்ப்பரல் 'இப்போ முடியாது' என்று கைகாட்டுவது அந்த அனுமதி ஆகாது.

வாக்குமூலத்துக்கு வருகிறேன். 112ஆவது பிரிவில் எடுப்பார்கள். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி எல்லாம் சொல்லிவிடு. உன் மேலேயே குற்றம் திரும்பக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அதே பிரிவு இடம் தருகிறது. அதற்கு எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: 'சாயா ஆக்கான் ஜாவாப் டி மக்காமா', நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன். பேனர் யார் எழுதினது, வாட்சப் குழுவில் யார் யார், பணம் எங்கிருந்து என்று நாற்பது கேள்வி வந்தாலும் நாற்பது தடவையும் அதையேதான் சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பதில் சொல்லி அடுத்ததற்கு வாய் மூடுவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல பிள்ளைகள், ஒளிக்க ஒன்றுமில்லையே என்று நினைக்கிறவர்கள். உன் சுபாவம் எனக்குத் தெரியும், நீ விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாய். கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகப் படி. தப்பாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிடு. பொய் மட்டும் சொல்லாதே, அது தனிக் குற்றம்.

கைபேசியைக் கேட்டால் சண்டை வேண்டாம். கைப்பற்றும் பொருளுக்குப் பட்டியல் எழுதிப் பிரதி தர வேண்டும். அதில் மாடலும், கைபேசிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் இருக்கிறதா என்று பார். கடவுச்சொல் விஷயத்தை வழக்கறிஞரிடம் விடு. சோதனையின்போது இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரி அதைக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. போன பொருள் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மூன்று பேருடைய எண்களை மனப்பாடம் செய், முடியாவிட்டால் முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போ.

உடல் சோதனையைப் பெண் போலீஸ்தான், கண்ணியம் கெடாமல் செய்ய வேண்டும். 2005இல் காவலில் இருந்த பெண்ணொருத்தியைத் துணியில்லாமல் தோப்புக்கரணம் போட வைத்த காணொளி வெளியாகி, விசாரணை ஆணையம் வரைக்கும் போனது. இன்று ஆடை களையும் சோதனைக்கு மேலதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யார் அனுமதித்தது என்று பெயரைக் கேள்.

24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், 117ஆவது பிரிவு. 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள், அதற்கு மேல் இல்லை. 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 7, மறுபடி 7. கோலாலம்பூரில் பிடித்தவர்களை ஜின்ஜாங் காவல் மையத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். வழக்கறிஞர் நீதிமன்ற வாசலில் காத்திருக்க, மாஜிஸ்திரேட் முன் விசாரணை வேறிடத்தில் முடிந்துபோவது இப்படித்தான். 'எங்கே, எத்தனை மணிக்கு' என்று முதல் நாள் இரவே விசாரணை அதிகாரியிடம் கேட்டு வைக்க வெளியே ஆள் வேண்டும்.

மாஜிஸ்திரேட் முன் நீயும் பேசலாம், அவர் கேட்டே ஆக வேண்டும். நியாயம் பேசாதே, பெண் உரிமை பற்றிச் சொற்பொழிவும் வேண்டாம். சொல்ல வேண்டியது சின்னது: நிலையான முகவரி இருக்கிறது, வாக்குமூலம் கொடுத்துவிட்டேன், கைபேசி அவர்களிடம் இருக்கிறது, இனி என்னை உள்ளே வைத்து விசாரிக்க என்ன மிச்சம்? அடித்திருந்தால், மருந்து தரவில்லையென்றால் அதையும் அங்கேயே சொல், பதிவாகும். அமைதிப் பேரணிச் சட்டத்தின் கலைந்து போகாத குற்றத்துக்கு அபராதம்தான், 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை. சிறையே இல்லாத குற்றத்துக்கு நான்கு நாள் காவல் எதற்கு என்பதை வழக்கறிஞர் அழுத்திக் கேட்க வேண்டும். முன்னறிவிப்புத் தராததற்கு 10,000 வெள்ளி அபராதம் விதித்த, அதே சட்டத்தின் 9(5) பிரிவு செல்லாது என்று 2025 ஜூலை 1இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பிரிவை யாராவது இன்னும் நீட்டினால் தேதியைச் சொல்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று நடக்கும். ஏழாம் நாள் விடுவித்து, வாசலிலேயே வேறொரு மாவட்டப் போலீஸ் வேறொரு பிரிவில் பிடித்து மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுவது. சங்கிலிக் காவல் என்கிறார்கள். விடுதலை நேரத்தில் வழக்கறிஞர் வாசலில் நிற்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டமான சொஸ்மா வேறு கதை. மாஜிஸ்திரேட் இல்லாமலே 28 நாள் வரை வைக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். அரசியல் நடவடிக்கைக்காக மட்டும் யாரையும் பிடிக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும், நெடுங்காலம் பெண் உரிமைக்கு உழைத்த மரியா சின் அப்துல்லாவை 2016 நவம்பர் 18இல், நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணிக்கு முதல் நாள், அந்தச் சட்டத்தில்தான் கொண்டுபோனார்கள். தனியறையில் வைத்து 28ஆம் தேதி விட்டார்கள், குற்றச்சாட்டே இல்லை. 1987இல் லாலாங் நடவடிக்கை என்ற பெருங்கைதில், விசாரணையின்றி அடைக்கும் அன்றைய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவில் அடைக்கப்பட்டவர்களில் ஐரின் சேவியர், சிசிலியா இங் போன்ற பெண் செயல்பாட்டாளர்களும் உண்டு. இப்படிப்பட்ட காவலில் ஆட்கொணர்வு மனுவைத் தாமதிக்காமல் உயர்நீதிமன்றத்தில் போட வேண்டும். ஆளை விட்டுவிட்டால் மனு செத்துப்போகும் என்பதால்தான் சில சமயம் விசாரணைக்கு முன்பே விடுகிறார்கள், அதுவும் லாபம்தான்.

காவலைவிட வழக்கு நீளும். தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ், குடியேறித் தொழிலாளர் தடுப்பு முகாம்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டதற்காக 1996இல் கைதானார். 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு, 2008 நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் விடுதலை. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள்! அதனால் எல்லாக் காகிதத்தையும் நாள்வாரியாகக் கோப்பில் வை.

வெளியே இருக்கும் ஆள் உன் வீட்டுத் தோழியாக இருக்க வேண்டாம், அவளையும் கூப்பிடுவார்கள். நானே இருக்கிறேன். நீ சொன்ன நேரத்துக்கு வெளியே வரவில்லையென்றால் நான் கூப்பிட வேண்டிய வரிசை: உன் வழக்கறிஞர், அவர் எடுக்காவிட்டால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை (குடிமக்களுக்கு இலவசம்), மனித உரிமை அமைப்பான சுவாராம், பிறகு தேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம். சுஹாகாம் காவல் இடங்களைப் போய்ப் பார்க்கலாம். எண்களைச் சரிபார்த்து அனுப்பு.

இந்த வாரமே ஓர் உறையில் இவற்றைப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பு: ஐசி நகல், வழக்கறிஞர் பெயர், உன் ஆஸ்துமா மருந்துச் சீட்டு, கைபேசியின் ஐஎம்இஐ எண், போலீஸ் ஜாமீனுக்குக் கோலாலம்பூரிலேயே கையெழுத்துப் போடக்கூடிய ஒருவரின் பெயர். வீட்டுச் சாவி யாரிடம், பூனைக்கு யார் சோறு வைப்பது என்பதையும் எழுது. போகும்போது பையில் இன்ஹேலரும் நாப்கினும் இருக்கட்டும். நகை போடாதே, கழற்றிப் பட்டியல் எழுதவே அரை மணி நேரம் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா