பழைய போன் சேகரிக்கும் அல்சூர் தம்பி தங்கைகளுக்கு

ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக வந்து பழைய போன், லேப்டாப் வாங்கி, சரிசெய்து, படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். நல்ல காரியம். ஆனால் கடைசியில் "டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம், ஃபார்மட் நாங்களே செய்துகொள்வோம்" என்று போட்டிருக்கிறீர்களே, அந்த வரியை எடுத்துவிடுங்கள். அழிக்கிற வேலை வாசலிலேயே, கொடுப்பவர் கண் முன்னால் நடக்கட்டும்.

உங்கள் மேல் சந்தேகம் இல்லை. நம் பெரியவர்கள் போனில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: ஆதார், பான், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஏடிஎம் கார்டின் முன்னும் பின்னும், எல்லாம் பேரன் போட்டோக்களுக்கு நடுவே. பின் நம்பரை 'பால்காரர்' என்ற பெயரில் சேமித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அது யார் வீட்டு மூட்டையிலோ ஒரு வாரம் ஏன் கிடக்க வேண்டும்?

அதோடு, கூகுள் கணக்கை நீக்காமல் ரெகவரி மெனு (போனை அணைத்து, பட்டன்களை அழுத்திப் பிடித்தால் வருவது) வழியாக ரீசெட் செய்தால், ஆண்ட்ராய்ட் 5.1 காலத்திலிருந்தே இருக்கிற பூட்டு பழைய கணக்கைக் கேட்டு நின்றுவிடும். ஐபோனிலும் இதே கதைதான். உரியவர் பக்கத்தில் இருந்தால் கணக்கை நீக்கி, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, ரீசெட் கொடுத்தால் முடிந்தது. இப்போதைய போன்களில் தகவல் குறியாக்கம் (என்கிரிப்ட், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) ஆகியே இருக்கும், ரீசெட் அதன் சாவியையே அழித்துவிடும். ஆண்ட்ராய்ட் 6-க்கு முந்தைய போன்களில் பெரும்பாலும் அது இருக்காது, செட்டிங்ஸில் என்கிரிப்ட் கொடுத்துவிட்டு அப்புறம் ரீசெட் செய்யுங்கள்.

லேப்டாப்தான் தலைவலி. டெலீட்டும் குவிக் ஃபார்மட்டும் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் எடுக்கும், ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு அப்படியே கிடக்கும், ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளே அதைத் தோண்டி எடுத்துவிடும். டிஸ்க் முழுக்க ஒருமுறை வேறு எதையாவது மேலெழுதினால் (பழையதன் மேலேயே எழுதினால்) போதும் (முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழங்கதை), ஆனால் அதற்கே மணிக்கணக்காகும், வாசலில் நடக்காது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் மேலெழுதுவதை நம்ப முடியாது, தயாரித்த கம்பெனி தரும் செக்யூர் எரேஸ் என்ற முழுதாக அழிக்கும் வசதி வேண்டும். என்னைக் கேட்டால் டிஸ்க்கைக் கழற்றி உரியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சின்னதாகப் புது எஸ்எஸ்டி போட்டால் பழைய லேப்டாப்பும் சுறுசுறுப்பாக ஓடும். செலவுக்குத் தெருவில் வசூல் செய்யலாம், முதல் எஸ்எஸ்டி என் கணக்கு.

உயிரே வராத போன்களை எஸ்.பி. ரோட்டில் (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் சந்தை) எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திரை செத்தாலும் உள்ளே தகவல் இருக்கிற சிப் நன்றாகவே இருக்கும்.

சார்ஜர் எல்லா ரகமும் எடுத்து வாருங்கள், பழைய மைக்ரோ யுஎஸ்பி உட்பட. பாதி போன் அலமாரியில் சார்ஜ் இல்லாமல்தான் கிடக்கிறது.