லண்டன்ல அயர்ன் மெய்டன் பேண்டப் பாத்துட்டு வந்த மாப்ளைக்கு

மாப்ள,

உன்ற மெயில் வந்தன்னைக்கே பதில் போடோணும்னு உக்காந்தேன், தோப்புல ஆளுக வந்துட்டாங்க, அப்படியே தள்ளிப் போச்சு. மொதல்ல ஊட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டி ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு கூட்டிட்டு வந்துட்டோம், வாக்கரப் புடிச்சுட்டு வாசல் வரைக்கும் நடக்கறாங்க, உன்னையத்தான் பொழுதுக்கும் கேக்கறாங்க. தென்னைல வெள்ளை ஈ இன்னும் அடங்கல, மஞ்ச ஒட்டுப்பொறி கட்டியும் மட்டையெல்லாம் கருத்துத்தான் கெடக்குது, தேங்கா வெலை ஏறுனங்காட்டி இந்த வருசம் எப்படியோ ஓடுது. பெரியவ உடுமலைல கிட்டார் கிளாஸ் போயிட்டிருக்கறா.

இனி மெய்டன் சங்கதி. நீ லண்டன் ஸ்டேடியத்துல 2025 ஜூன் 28 ஷோ பாத்தது, போனப் பையிலயே வெச்சுட்டு பாத்தேன்னு எழுதுனது, எல்லாம் படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோசம். ஆனா டிரம்ஸ்ல நிக்கோ இல்லாத மெய்டன் மெய்டனே இல்ல, 2024 டிசம்பர்ல சாவ் பாலோல அவரு கடைசியா வாசிச்சப்பவே எல்லாரும் நிறுத்தியிருக்கோணும்னு எழுதிருக்கற பாரு, அது எனக்கு நெம்ப வெசனமாப் போச்சு. அதுக்கு நாலு வரி தள்ளியே கடைசி ரெண்டு வருசம் நிக்கோ ஸ்லோவாயிட்டாரு, பழைய உருட்டெல்லாம் காணம்னும் எழுதிருக்கற. 2023 ஜனவரில அந்தாளுக்கு பக்கவாதம் மாப்ள. வலது பக்கம் தோள்ல இருந்து கீழ வெளங்காமப் போயி, மே மாசக் கடைசில டூர் ஆரம்பிக்கறப்ப 70 வயசுல திரும்ப டிரம்ஸ்ல வந்து உக்காந்தாரு. வேகமான உருட்டு எல்லாம் இனி வராதுன்னு அவரே வெளிய சொல்லிட்டு அத மாத்தி வாசிச்சாரு. அதையெல்லாம் கொறையா எழுதாத.

நெனச்சுப் பாரு, 2007 மார்ச்சுல பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல நாம நின்ன எடத்துல இருந்து அவரு மூஞ்சியே தெரியல, அம்மாம் பெரிய டிரம்ஸ் செட்டுக்குப் பின்னால சிம்பல் ஆடறதும் குச்சி நுனி மேல வந்து போறதுந்தான் தெரிஞ்சுது, ஆனா ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டுல வந்து உழுந்துச்சு. மத்தவங்க ரெட்டைப் பெடல் போட்டு அடிக்கறத அவரு ஒத்தப் பெடல்ல, வெறுங்கால்ல அடிச்சாரு, அதும் வலது கால்ல. அந்தப் பக்கமே உழுந்துட்டு எந்திரிச்சு வந்து வாசிச்ச மனுசன் மாப்ள அவரு.

நிக்கோ எடத்துக்கு வந்த சைமன் டாசன் நிக்கோ இல்லதான், நான் ஒத்துக்கறேன். அவரு நேரா அடிக்கறாரு, நிக்கோ மாதிரி எடையில பூந்து வெளையாடறதில்ல. ஆனா மெய்டன்ல பாஸ் வாசிக்கற ஸ்டீவ் ஹாரிஸோட இன்னொரு பேண்டு பிரிட்டிஷ் லயன்ல கூட வாசிச்சவருங்காட்டி ஹாரிஸ் வெரல் எங்க குதிக்கும்னு அவருக்குத் தெரியும், கிளிப்புல கேட்ட வரைக்கும் பாஸும் டிரம்ஸும் ஒன்னா ஓடுது, பாட்டு திரும்ப வேகம் புடிச்சிருக்குது. நீ நேர்ல பாத்தவன், இல்லைன்னா சொல்லு, கேட்டுக்கறேன்.

என்ற வருத்தம் வேற எடத்துல. அம்பதாவது வருசத்துக்கான டூர்னு சொல்லிட்டு 1980ல இருந்து 1992 வரைக்கும் வந்த மொத ஒம்பது ஆல்பத்துல இருந்து மட்டுந்தான் வாசிக்கறாங்க. பாடற ப்ரூஸும் கிட்டார் ஏட்ரியனும் 1999ல திரும்பி வந்தப்பறம் மூணு கிட்டாரோட ஆறு ஆல்பம் போட்டிருக்கறாங்களே, அதுல ஒரு பாட்டு கூடவா இல்ல? நீ அதான் சரிங்கற, புதுசெல்லாம் இழுவை, ஆரம்பிக்கறதுக்கே ரெண்டு நிமிசம்ங்கற. 2021ல வந்த சென்ஜுட்சு ஆல்பத்துக் கடைசில ஹாரிஸ் தனியா எழுதுன மூணு பாட்டு இருக்குது, மூணுமே பத்து நிமிசத்துக்கு மேல, அதுலயும் கடைசிப் பாட்ட ஒருக்கா ஹெட்போன் போட்டு முழுசாக் கேளு. மொதல்ல மெதுவா கிட்டார் மட்டும் வரும், அவசரமே இல்ல, அப்பறம் டிரம்ஸ் சேந்து பழைய குதிரை ஓட்டம் ஆரம்பிக்கறப்ப எனக்கு இன்னும் ரோமம் நிக்குது. 1982ல எழுதுன மாதிரி இவங்க இன்னும் எழுதிட்டிருந்தா அது வேசம். கை போற வேகத்துக்கும் மனசுல இருக்கற பாரத்துக்கும் ஏத்த பாட்ட எழுதறாங்க, அதுதான் எனக்குப் பெருசு. ப்ரூஸ் தொண்டைப் புத்துநோய் பாத்துட்டு வந்தும், மத்த பேண்டெல்லாம் கொரலுக்காக கிட்டார அரை சுருதி எறக்கற வயசுல, இவங்க எறக்காம பழைய சுருதிலயே வாசிக்கறாங்க, நாக்குல கட்டி வந்த மனுசன் அதுல ஏறிப் பாடறாரு.

ரெக்கார்டிங் சவுண்டு பத்தி நீ சொன்னது ஞாயந்தான். ப்ரொட்யூசரா கெவின் ஷெர்லி வந்ததுல இருந்து எல்லாரும் ஒன்னா நின்னு வாசிச்சு எடுக்கறாங்க, உயிர் இருக்குது, ஆனா மூணு கிட்டாரும் சந்தைக்கடையாட்டம் ஒன்னுமேல ஒன்னு பேசுது. 2006 ஆல்பத்துக்கு, கடைசியா சவுண்ட மெருகேத்தற மாஸ்டரிங்கே வேண்டாம்னு ஹாரிஸ் உட்டுட்டாரு, எனக்கு அது புடிக்கும், எல்லாத்துக்கும் புடிக்கோணும்னு இல்ல.

ப்ரூஸ் இல்லாம பிளேஸ் பெய்லி பாடுன காலத்த யோசி. தொண்ணூறுகள்ல நம்ம செட்டே அவரு பாடுன ரெண்டு ஆல்பத்தயும் கேசட்டுல தொடவே இல்ல. அதுல ரெண்டு பாட்ட 2018 டூர்ல ப்ரூஸ் பாடுனப்ப எல்லாரும் கூடச் சேந்து பாடுனாங்க. சென்ஜுட்சு பாட்டுக்கும் அப்படி ஒரு நாள் வரும், நிச்சயமா வரும், அப்ப ஹாரிஸுக்கு என்ன வயசு ஆயிருக்குமோ அதுதான் எனக்கு பயம். அதுனாலதான் இந்த டூர்லயும் மேடையில வாசிக்கோணும்ங்கறேன்.

கடைசிப் பாட்டக் கேட்டுட்டு எழுது, புடிக்கலைன்னாலும் எந்த எடத்துல புடிக்கலைன்னு எழுது, ஒரியாட்டம் போடலாம். அம்மா உன்னோட பேசோணும்ங்கறாங்க, ஞாயித்துக்கெழம காத்தால ஃபோன் பண்ணு, மத்தியானம் அவங்க தூங்கிருவாங்க.

உன்ற
பங்காளி