ஆர்பிட்டாலின் உருவம் புகைப்படம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லேசர் ஒளியால் மூலக்கூறுகளைப் படம்பிடிப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால், நைட்ரஜன் மூலக்கூறின் ஆர்பிட்டாலின் (எலக்ட்ரான் மூலக்கூறில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் குறிப்பது) உருவத்துக்குக் கீழே 'எலக்ட்ரானின் புகைப்படம்' என்று அச்சாகியிருப்பது பிழை. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைச் சுட்டிக்காட்டுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வாளர்கள் 2004 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட உருவம் அது. நைட்ரஜனின் ஆற்றல் வரைபடத்தில், எலக்ட்ரான்கள் நிரம்பிய மட்டங்களுள் உச்சியில் மாணவர்கள் எழுதும் சிக்மா ஆர்பிட்டால்தான் அதில் இருப்பது. முதல் லேசர் துடிப்பு மூலக்கூறுகளை ஒரே திசையில் வரிசைப்படுத்த, அடுத்து வரும் வலிய துடிப்பு ஓர் எலக்ட்ரானை வெளியே இழுத்து, தன் மின்புலம் திசை மாறியதும் அதே மூலக்கூறின் மீது திருப்பி மோதவிடுகிறது. ஒளியலையின் ஒரு சுற்றுக்குள், அதாவது ஏறத்தாழ 2.7 ஃபெம்டோ நொடிக்குள் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒன்று), இவ்வளவும் நடந்துவிடுகிறது. திரும்பிய எலக்ட்ரான் மீண்டும் மூலக்கூறில் சேரும்போது வெளியாகும் புறஊதா ஒளியில் ஆர்பிட்டாலின் வடிவத்துக்கான தடயம் இருக்கிறது. ஐந்தைந்து பாகையாகக் கோணத்தை மாற்றி, 19 நிலைகளில் அவ்வொளியை அளந்து, சி.டி. ஸ்கேனில் செய்வதைப் போலக் கணக்கிட்டே உருவத்தை மீட்டெடுத்தார்கள். ஏறத்தாழ அதே அயனியாக்க ஆற்றலுடைய (அதாவது, ஓர் எலக்ட்ரானை வெளியேற்ற ஏறத்தாழ அதே ஆற்றல் தேவைப்படும்) ஆர்கான் அணுவோடு ஒப்பிட்டதும், திரும்பும் எலக்ட்ரானை எளிய சமதள அலையாகக் கொண்டதும், மூலக்கூறின் 14 எலக்ட்ரான்களுள் ஒன்று மட்டுமே பங்கேற்கிறது எனக் கொண்டதும் அக்கணக்கின் பகுதிகளாகும்.

ஆர்பிட்டால் ஓர் அலைச்சார்பு, அதாவது எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் கணிதச் சார்பு. அதற்கு நேர்க்குறியும் எதிர்க்குறியும் உண்டு. ஒளியின் செறிவை மட்டும் பதியும் புகைப்படத்தில் அக்குறிகள் ஒருபோதும் தெரியா. ஒட்டாவா குழுவினரின் உருவத்திலோ எதிரெதிர்க் குறிகளுடைய மடல்கள் தெரிகின்றன. புகைப்படம் என்று சொல்வதால் அந்த அருஞ்செயலின் பெருமை குறைகிறதே தவிரக் கூடவில்லை.

எலக்ட்ரான் அலை அணுக்களில் பட்டுச் சிதறிக் கோலமிடும் எலக்ட்ரான் விளிம்பு விளைவையும் கட்டுரை இதனோடு ஒன்றாகக் கலந்துவிட்டது. திரும்பிவரும் எலக்ட்ரான் மூலக்கூறில் சேராமல் சிதறிச் சென்றால், அச்சிதறலின் கோலத்திலிருந்து கிடைப்பது அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவு. 2023 நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான பியேர் அகோஸ்தினியும் இடம்பெற்ற அமெரிக்கக் குழு ஒன்று, ஆக்சிஜனின் பிணைப்பு நீளம் சுமார் 5 ஃபெம்டோ நொடியில் 0.1 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு) மாறுவதை 2012இல் இவ்வழியிலேயே அளந்தது.

நாளிதழில் வரும் படங்களைக் கத்தரித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் கொண்டு, 'அளவீடுகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற உருவம்' என்ற திருத்தத்தை அடுத்த அறிவியல் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.