மனப்பாடம் என்று எழுதிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையில், யூத சமூகத்தார் நடத்தும் முழுநேரப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள். "நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் பாதி நாளை வேதத்தை மனப்பாடம் செய்தே கழிக்கிறார்கள்" என்று. நியூ ஜெர்சியில் அப்படிப்பட்ட பள்ளியொன்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். பாதி நாள் என்பதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை; மரபை இறுகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதப் பள்ளிகள் பலவற்றில் கிட்டத்தட்ட அப்படித்தான். மனப்பாடம் என்ற சொல்தான் மனதைத் தைத்துவிட்டது.

அந்தப் பாதி நாளில் நடப்பதைச் சொல்கிறேன். ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் பகுதி, யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில், பாவா மெட்ஸியா என்ற நூலின் இரண்டாம் அதிகாரம். விஷயம், கண்டெடுத்த பொருள் யாருக்கு என்பது. தெருவில் சிதறிக் கிடக்கும் காசு, எடுத்தவருக்கே. பைக்குள் இருக்கும் காசையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று காசையோ கண்டால் ஊரறிய அறிவிக்க வேண்டும். கடையில் சுட்ட ரொட்டி எடுத்தவருக்கு. வீட்டில் சுட்டதற்கு அறிவிப்பு. வீட்டு ரொட்டியில் சுட்டவரின் கைவாகு தெரியும், கடை ரொட்டியில் தெரியாது. அடையாளம் சொல்ல வழியில்லாதவர் "போனது போனதுதான்" என்று கைவிட்டிருப்பார், அதனால் எடுத்தவருக்குச் சொந்தம்.

பொருள் தொலைந்ததே தெரியாதவர் எப்படிக் கைவிட்டிருக்க முடியும்? இங்கேதான் தல்மூத் அறிஞர்களான அபாயேவும் ராவாவும் மோதுகிறார்கள். தெரிந்தால் கைவிடுவார் என்பதால் இப்போதே கைவிட்டதாகக் கொள்ளலாம் என்கிறார் ராவா. கூடாது என்கிறார் அபாயே. தீர்ப்பும் அவர் பக்கமே. அப்படியானால் சிதறிய காசு மட்டும் எப்படி எடுத்தவருக்குச் சொந்தமாகும்? மனிதர் மடியிலுள்ள பணப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார், தொலைந்தது உடனே தெரிந்திருக்கும் என்பது பதில். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைக் கேட்டதும் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும். இதை மனப்பாடம் என்று எப்படிச் சொல்வது?

தல்மூதின் பக்க அமைப்பைப் பாருங்கள். நடுவில் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பும், அதன்மீதான விவாதமாகிய கெமாராவும். உட்பக்க ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷி. வெளிப்பக்க ஓரத்தில் தோசாஃபோத், அதாவது ராஷியின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வந்தோரும் எழுப்பிய மறுப்புகள். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் மோதுவதைப் படித்த நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கெமாராவின் மொழி பெரும்பாலும் அரமேயம். உயிர்க்குறி கிடையாது, கேள்விக்குறியும் கிடையாது. ராஷியின் உரை வேறு எழுத்துருவில் இருக்கும். அதில் சாமெக், இறுதி மேம் என்ற இரண்டு எழுத்துகளும் ஒன்றுபோலத் தெரிந்து பிள்ளைகளைத் தடுக்கிவிடும். அதைவிடப் பெரிய இடறல், பின்னால் மறுக்கப்படப் போகும் வாதத்தை முடிந்த முடிபென்று எடுத்துக்கொள்வது. முதல் எண்ணத்துக்கு ஹவா அமினா, முடிபுக்கு மஸ்கனா என்று பெயர். இரண்டும் குழம்பாமலிருக்கக் கேள்விக்கு ஒரு நிறம், பதிலுக்கு ஒரு நிறம், சான்றுக்கு இன்னொன்று என்று கோடிடுவார்கள். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் மறுப்பார். வகுப்பில் சத்தம் காதைப் பிளக்கும்.

மனப்பாடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சபையில் பாடி வாசிக்கும் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளில் உயிர்க்குறியும் இல்லை, இசைக்குறியும் இல்லை. இரண்டு பத்தி கொண்ட திக்கூன் என்ற புத்தகத்தில் ஒரு பத்தியைக் குறியோடு பார்த்துப் பழகி, மறு பத்தியைக் குறியில்லாமல் பாடிப் பார்ப்பார்கள். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் சபையில் உடனே திருத்துவார்கள். இந்த ஒன்றை வைத்து மொத்தப் படிப்பையும் அளந்துவிட்டீர்கள்.

கணக்குப் பாடத்துக்கும் அந்தப் படிப்பிலிருந்தே தீனி கிடைக்கிறது. ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் "முழுதும் எனது" என்கிறார், மற்றவர் "பாதி எனது" என்கிறார். வழக்கில்லாத பாதி முதலாமவருக்கு, வழக்குள்ள பாதி இருவருக்கும். ஆக 3/4, 1/4. நிலவை ஒட்டி மாதம் கணக்கிடும் அவர்களுடைய பஞ்சாங்கத்தில் 19 வருடத்துக்கு 7 முறை கூடுதல் மாதம், மொத்தம் 235 மாதங்கள். அந்த மாதம் சேராவிட்டால் பஸ்கா பண்டிகை வருடத்துக்குச் சுமார் 11 நாள் பின்வாங்கி, வசந்தத்தை விட்டே போய்விடும்.

இது முதல் முறையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். தல்மூதையே "யூதர்களின் வேதம்" என்று எழுதியிருந்தீர்கள். அவர்களின் வேதமாகிய தானாக்கும் தல்மூதும் வேறுவேறு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எபிரேயத்தையும், ஐரோப்பிய யூதர்கள் பேசிவந்த இத்திஷையும் ஒரே மொழியாக்கினீர்கள். ஷபாத் என்னும் ஓய்வு நாளை "சனிக்கிழமை விடுமுறை" என்றீர்கள். அது வெள்ளி பொழுது சாயும்போதே தொடங்குகிறது; டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே இருட்டுவதால், குளிர்கால வெள்ளிகளில் பள்ளி சீக்கிரமே விட்டுவிடும். எபிரேயம் என்றால் "தோகை"தான் மயிலைக் குறிக்கும் "துக்கி" ஆயிற்று என்ற செய்தியைத் தவிர நம் இதழ்களில் வேறெதுவும் வருவதில்லை. நம்மைப் பற்றி ஒரு சொல் இருந்தால்தான் பிறர் மொழியை ஏறெடுத்துப் பார்ப்போமா? தமிழ்ப் படிப்பை யாராவது "வெறும் ஒப்பிப்பு" என்று ஒரு வரியில் முடித்தால் நாம் எப்படித் துடிப்போம்!

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் தல்மூதின் ஒரு பக்கத்தைப் படமாகச் சேருங்கள். தெளிவாக அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை,
நியூ ஜெர்சி